நுரையீரல் ரத்தக்கட்டியைத் தேடும் கையடக்க எக்கோ கருவி: அவசரப் பிரிவிலிருந்து ஒரு மதிப்புரை

இதயம், நுரையீரல், வயிறு, கால் சிரைகள் என உடல் முழுவதையும் ஒரு கைப்பிடிக் கருவியிலேயே பார்த்துவிடலாம் என்று கையடக்க அல்ட்ராசவுண்ட் கருவிகளை விற்க வருபவர்கள் சொல்கிறார்கள். அந்தப் பொதுவான பேச்சை ஒதுக்கிவிட்டு, ஒரே ஒரு கேள்வியை முன்வைத்து இந்தக் கருவியை இங்கே மதிப்பிடுகிறேன். திடீரென மூச்சுத் திணறலுடன் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவரப்படும் ஒருவரின் நுரையீரல் தமனியை ரத்தக்கட்டி அடைத்திருக்கிறதா என்று முடிவு செய்ய இது எந்த அளவுக்குக் கைகொடுக்கிறது? சிறிய, நடுத்தர மருத்துவமனைகளை நடத்துகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பதும் இதைத்தான். இந்த நோயில் கருவியின் பலமும் பலவீனமும் வேறெங்கும் தெரியாத அளவுக்கு வெளிப்படையாகத் தெரிகின்றன என்பது என் எண்ணம்.

எங்கள் பிரிவில் இருப்பது கம்பி வழியே டேப்லெட்டுடன் இணையும் ஒரு கருவி. இதயத்துக்கு ஒரு புரோப் (உடலின் மேல் வைத்துப் பார்க்கும் முனை), ரத்தக் குழாய்களுக்கு இன்னொரு புரோப் என இரண்டு வாங்கி வைத்திருக்கிறோம். தயாரிப்பின் பெயரை நான் குறிப்பிடவில்லை. கீழே சொல்லப்போகும் நிறைகளும் குறைகளும் இந்த வகைக் கருவிகள் பெரும்பாலானவற்றுக்கும் பொதுவானவை. ஜிஇ நிறுவனத்தின் வீஸ்கேன் 2010 வாக்கில் சந்தைக்கு வந்ததிலிருந்து, பிலிப்ஸின் லூமிஃபை, சிலிக்கான் சில்லை வைத்து இயங்கும் பட்டர்ஃபிளை ஐக்யூ என இத்துறை வேகமாக வளர்ந்துவிட்டது. படத்தின் தெளிவிலும் வசதிகளிலும் வேறுபாடுகள் இருந்தாலும், நான் எழுப்பிய கேள்விக்கு அவை தரும் விடை பெரிதாக மாறுவதில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். இதய எக்கோ பெரும்பாலும் ரத்தக்கட்டியைக் காட்டுவதில்லை. அந்தக் கட்டி இதயத்தை என்ன பாடு படுத்துகிறது என்பதைத்தான் காட்டுகிறது. காலிலோ இடுப்புக் குழியிலோ உள்ள ஆழ்சிரையில் உறைந்த ரத்தம் அங்கிருந்து பெயர்ந்து, கீழ்ப் பெருஞ்சிரை வழியாக இதயத்தின் வலது மேலறைக்கும் அதிலிருந்து வலது கீழறைக்கும் வந்து, கடைசியில் நுரையீரல் தமனியின் கிளைகளில் போய் அடைத்துக்கொள்கிறது. அந்தக் கிளைகளைச் சுற்றிலும் இருப்பது காற்று நிறைந்த நுரையீரல். அல்ட்ராசவுண்ட் அலை காற்றைத் தாண்டிப் போகாது என்பதால், கட்டி உட்கார்ந்திருக்கும் இடம் மார்பின் மேல் வைக்கும் புரோபுக்கு எட்டாது. தமனிகளை நேராகப் பார்க்க வேண்டுமென்றால் மருந்து செலுத்தி எடுக்கும் சிடி ஆஞ்சியோகிராம்தான் வழி; சிறுநீரகக் கோளாறு போன்ற காரணங்களால் அது முடியாதவர்களுக்கு நுரையீரலின் காற்றோட்டத்தையும் ரத்த ஓட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும் அணு ஸ்கேன் இருக்கிறது.

ஆனால் வலது கீழறை நம் கண்ணுக்கு நன்றாகவே எட்டுகிறது. அது மெல்லிய சுவர் கொண்ட அறை. குறைந்த அழுத்தத்தில் ரத்தத்தைத் தள்ளியே பழகியது. நுரையீரல் தமனிப் பரப்பில் ஏறத்தாழ 30 முதல் 50 சதவீதத்துக்கு மேல் அடைபட்டால்தான் அழுத்தம் உயரத் தொடங்குகிறது. அப்படி உயர்ந்தாலும், முன்பு பழக்கமில்லாத ஒரு வலது கீழறையால் சராசரியாக 40 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்துக்கு மேல் திடீரென எதிர்த்து நிற்க முடியாது. அதனால் அது விரிகிறது, அதன் சுருக்கம் தளர்கிறது, இரு கீழறைகளுக்கும் நடுவிலுள்ள சுவரை இடப்பக்கம் நெட்டித் தள்ளுகிறது. இடது கீழறைக்கு வந்து நிரம்ப வேண்டிய ரத்தம் குறைந்துபோய், உடலின் ரத்த அழுத்தம் சரிகிறது. நுரையீரல் அடைப்பில் உயிரிழப்பவர்களில் பெரும்பாலோரை வீழ்த்துவது ஆக்ஸிஜன் குறைவைக் காட்டிலும் இந்த வலது கீழறைச் செயலிழப்புதான். இந்த வீழ்ச்சியைப் படுக்கையருகே நின்று சில நிமிடங்களில் கண்டுகொள்ள முடிகிறது என்பதே இந்தக் கருவிக்கு நான் தரும் முதல் மதிப்பெண்.

பயன்படுத்தும் அனுபவத்துக்கு வருகிறேன். புரோபைச் செருகி, செயலியைத் திறந்து, இதயத்துக்கான அமைப்பைத் தொட்டு, ஜெல் தடவி வைத்தால் ஒரு நிமிடத்துக்குள் படம் வந்துவிடுகிறது. சக்கரம் வைத்த பெரிய எக்கோ இயந்திரத்தை மாடியிலிருந்து வரவழைத்து, பிளக் பாயின்ட் தேடி, அது விழித்தெழும் வரை காத்திருந்த காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய விடுதலை. மூச்சுத் திணறும் நோயாளியை எக்கோவுக்காக இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைக்க முடியாது. நிமிர்ந்து உட்கார்ந்தால்தான் அவருக்கு மூச்சே வரும். அப்போது மார்பின் இடப்பக்கத்தில் வைத்துக் கிடைக்கும் படங்கள் மங்கலாகவே இருக்கும். பருமனானவர்களுக்கும், நாள்பட்ட புகைப்பழக்கத்தால் நுரையீரல் ஊதிப்போனவர்களுக்கும் இதயத்துக்கு மேலேயே காற்று வந்து மறைத்துவிடும். இத்தகையவர்களிடம் மார்பெலும்பின் கீழ் முனைக்குக் கீழே, மேல்வயிற்றில் புரோபைப் படுக்கவைத்தாற்போல் வைத்து மேல்நோக்கிப் பார்க்கும் கோணம் பல நேரம் கைகொடுக்கிறது. கருவியை வாங்கும் முன் செய்துகாட்டச் சொல்லும்போது இந்தக் கோணத்தையும் கட்டாயம் கேளுங்கள். மெலிந்த இளைஞர் ஒருவரைப் படுக்கவைத்து எடுத்துக்காட்டும் படத்தை மட்டும் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம்.

படம் கிடைத்த பிறகு என்ன பார்க்கிறோம்? நான்கு அறைகளும் ஒருசேரத் தெரியும் கோணத்தில் இயல்பான வலது கீழறை, இடது கீழறையின் மூன்றில் இரண்டு பங்கு அளவில் இருக்கும். அது இடதுக்குச் சமமாகவோ அதைவிடப் பெரிதாகவோ தெரிந்தால் சந்தேகம் வலுக்கிறது. குறுக்குவெட்டுக் கோணத்தில் வட்டமாக இருக்க வேண்டிய இடது கீழறை, நடுச்சுவர் தட்டையாகி ஆங்கில ‘டி’ எழுத்தின் வடிவத்துக்கு மாறியிருக்கும். கீழ்ப் பெருஞ்சிரை புடைத்து, மூச்சை உள்ளிழுக்கும்போதும் சுருங்காமல் நிற்கும். வலது மேலறைக்கும் வலது கீழறைக்கும் நடுவிலுள்ள மூவிதழ் வால்வின் வெளிவிளிம்பு ஒவ்வொரு துடிப்பிலும் இதய நுனியை நோக்கி எவ்வளவு நகர்கிறது என்று எம்-மோடில் (ஒரே கோட்டில் உள்ள அசைவை நேரத்தோடு வரைந்து காட்டும் முறை) அளந்தால், 16 மில்லிமீட்டருக்கும் குறைவாக வருவது வலது கீழறை தளர்ந்துவிட்டதற்கான சான்று. இந்த அளவை எடுக்கும் வசதி எங்கள் கருவியில் உண்டு. விரலால் கோடு இழுத்து அளப்பது முதலில் சற்றுத் தடுமாற்றமாக இருந்தாலும் விரைவில் கைக்குப் பழகிவிடுகிறது.

இவற்றில் நான் மிகவும் மதிப்பது 1996-இல் மெக்கானலும் அவருடைய சகாக்களும் விவரித்த அறிகுறி. வலது கீழறையின் வெளிச்சுவரின் நடுப்பகுதி அசைவற்றுக் கிடக்க, நுனி மட்டும் உள்ளே வெளியே என்று துள்ளிக்கொண்டிருக்கும். ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. அவர்களுடைய முதல் ஆய்வில் இதன் உணர்திறன் (நோய் உள்ளவர்களைக் கண்டுபிடிக்கும் அளவு) 77 சதவீதமாகவும் தனித்தன்மை (நோய் இல்லாதவர்களைச் சரியாக விலக்கும் அளவு) 94 சதவீதமாகவும் இருந்தன. பின்னர் வந்த ஆய்வுகள் இந்த எண்களை அவ்வளவு பெருமையாக வைத்திருக்கவில்லை. வலது கீழறையைத் தாக்கும் மாரடைப்பிலும் இதே காட்சி வரக்கூடும் என்று காட்டின. ஆகையால் பக்கத்தில் ஈசிஜி இல்லாமல் இந்த அறிகுறியை நான் நம்புவதில்லை. நுனியின் அசைவு நுணுக்கமானது என்பதால், படத்தின் ஆழத்தை வேண்டிய அளவுக்கு மேல் வைத்துக்கொண்டு பார்த்தால், வினாடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கை குறைந்து அந்தத் துள்ளலே தெரியாமல் போய்விடும். ஆழத்தைக் குறைத்து, வலது கீழறை மட்டும் திரையை நிரப்பும்படி வைத்துப் பார்க்க வேண்டும்.

இங்கேதான் கையடக்கக் கருவியின் பெரிய குறை வெளிப்படுகிறது. எக்கோ அறையில் உள்ள முழு இயந்திரத்தில் தொடரலை டாப்ளர் இருக்கும். மூவிதழ் வால்வு வழியாகப் பின்னோக்கிக் கசியும் ரத்தத்தின் வேகத்தை அதைக்கொண்டு அளந்து, நுரையீரல் தமனியின் அழுத்தத்தைக் கணக்கிட முடியும். நுரையீரல் தமனிக்குள் பாயும் ரத்தம் உச்ச வேகத்தை எட்ட 60 மில்லிவினாடிக்கும் குறைவாக எடுத்துக்கொள்வதும், வால்வுக் கசிவிலிருந்து கணக்கிடும் அழுத்த வேறுபாடு 60 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழே இருப்பதும் சேர்ந்து வந்தால் அது திடீர் அடைப்பையே பெரிதும் சுட்டும். எக்கோ மருத்துவர்கள் இதை ‘அறுபதுக்கு அறுபது’ என்று சொல்வார்கள். இதை அளக்க, குறிப்பிட்ட ஓரிடத்தின் வேகத்தை அளக்கும் துடிப்பலை டாப்ளர், மிக உயர்ந்த வேகத்தையும் அளக்கும் தொடரலை டாப்ளர் இரண்டும் வேண்டும். கையடக்கக் கருவிகளில் வண்ண டாப்ளர் பெரும்பாலானவற்றில் உண்டு, துடிப்பலை டாப்ளர் சிலவற்றில் வந்துவிட்டது, ஆனால் தொடரலை டாப்ளர் இன்னும் மிகச் சிலவற்றில்தான் இருக்கிறது. ‘டாப்ளர் உண்டு’ என்று விவரத்தாளில் ஒரே சொல்லில் எழுதியிருந்தால், எந்த டாப்ளர் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பணம் கட்ட வேண்டாம்.

கருவி தன் விலைக்கு நியாயம் செய்த ஒரு சூழலைச் சொல்கிறேன். கணுக்கால் எலும்பு முறிவுக்கு மாவுக்கட்டுப் போட்டு வாரக்கணக்கில் வீட்டில் படுத்திருந்த நடுத்தர வயதுக்காரர் ஒருவரை, கழிப்பறைக்குப் போய்த் திரும்பும்போது மயங்கி விழுந்துவிட்டார் என்று இரவில் அழைத்துவந்தார்கள். ரத்த அழுத்தத்தின் மேல் எண் 80-ஐத் தாண்டவில்லை, நாடி வேகமாக ஓடியது, முகமூடி வைத்து ஆக்ஸிஜன் கொடுத்தும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரில் அளவு ஏறவில்லை. “ஹார்ட் அட்டாக்கா டாக்டர்?” என்று மகன் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். ஈசிஜியில் மாரடைப்புக்கான மாற்றம் இல்லை. மார்பைக் கேட்டால் இரு பக்கமும் காற்று நன்றாகப் போய்வந்தது. சிடி ஸ்கேன் அறை அடுத்த கட்டடத்தில் இருந்தது. அந்த ரத்த அழுத்தத்தோடு அவரை அங்கே தள்ளிக்கொண்டு போவது யாருக்கும் சம்மதமில்லை.

மேல்வயிற்றிலிருந்து பார்த்தபோது வலது கீழறை இடதை நெருக்கிக்கொண்டு திரையின் பாதியை எடுத்துக்கொண்டிருந்தது. நுனி மட்டும் துள்ளியது. கீழ்ப் பெருஞ்சிரை அசைவின்றிப் புடைத்திருந்தது. புரோபை மாற்றி மாவுக்கட்டுப் போட்ட காலின் தொடை இடுக்கில் வைத்து அழுத்தினேன். தமனி துடித்துக்கொண்டிருக்க, அதன் பக்கத்தில் உள்ள சிரை அமுங்கவே இல்லை. அதற்குள் சாம்பல் நிறத்தில் ஏதோ நிரம்பியிருந்தது. இதற்கு மேல் சான்று வேண்டியிருக்கவில்லை. ரத்தம் மேலும் உறைவதைத் தடுக்கும் ஹெபாரின் உடனே செலுத்தப்பட்டது. தலைக்காயம், அண்மையில் நடந்த அறுவைச் சிகிச்சை, ரத்தக்கசிவு போன்ற தடைகள் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு, குடும்பத்தாரிடம் ஆபத்தையும் விளக்கிவிட்டு, கட்டியைக் கரைக்கும் மருந்தைத் தொடங்கினோம். விடிவதற்குள் ரத்த அழுத்தம் தேறியது. பிறகு எடுத்த சிடி, இரு பக்கத் தமனிகளிலும் மீதமிருந்த கட்டிகளைக் காட்டியது. ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல் இத்தகைய நிலைமைக்குச் சொல்லும் வழியும் இதுவே. ரத்த ஓட்டம் நிலைகுலைந்து, சிடி உடனடியாகக் கிடைக்காத நிலையில், எக்கோவில் வலது கீழறை பாதிப்பு தெரிந்தால் அதை வைத்தே அதிக ஆபத்துள்ள நுரையீரல் அடைப்புக்கான சிகிச்சையைத் தொடங்கலாம்.

இதே படத்தை ரத்த அழுத்தம் சரியாக உள்ள நோயாளியிடம் கண்டால் அப்படி அவசரப்படக் கூடாது. ரத்த அழுத்தம் குறையாமல் வலது கீழறை மட்டும் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கட்டி கரைக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2014-இல் வெளியானது. உயிரிழப்பும் நிலைகுலைவும் சேர்ந்த எண்ணிக்கை 5.6 சதவீதத்திலிருந்து 2.6 சதவீதமாகக் குறைந்தது உண்மை. ஆனால் மூளையில் ரத்தக்கசிவால் வரும் பக்கவாதம் 0.2 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாக ஏறியது. கருவி காட்டும் படம் எவ்வளவு அச்சமூட்டினாலும், மருந்தை முடிவு செய்வது படம் மட்டுமே அல்ல என்பதற்கு இந்த எண்களே சாட்சி.

அரிதாகக் கட்டியையே நேரில் பார்த்துவிடுகிறோம். நுரையீரலுக்குப் போகும் வழியில் வலது மேலறையில் தங்கிவிட்ட நீண்ட கட்டி, வால்வுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புழுவைப் போல நெளிந்தாடுவது தெரியும். எல்லா நோயாளிகளையும் கணக்கில் எடுத்தால் இது 4 சதவீதத்துக்கும் குறைவானவர்களிடமே தென்படுகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் உள்ளவர்களிடம் 18 சதவீதம் வரை போகலாம். இதைக் கண்டால் நோய் பற்றிய சந்தேகம் முடிந்துவிட்டது. அதே சமயம் அபாயமும் ஏறிவிட்டது என்று பொருள். ஆனால் வலது மேலறையில் இயல்பாகவே சிலருக்கு இருக்கும் மெல்லிய சவ்வுகளும் ஆடிக்கொண்டிருக்கும். சிறிய திரையில் அவற்றைக் கட்டி என்று எண்ணிவிடுவது எளிது. ஐயமிருந்தால் படத்துணுக்கைச் சேமித்து இதய மருத்துவருக்கு அனுப்பிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பொய் அபாயமணியையும் பேச வேண்டும். விரிந்த வலது கீழறை எல்லாமே புதிய ரத்தக்கட்டியால் வந்தது அல்ல. நம் ஊர்ப் பிரிவுகளில் இதற்கு முக்கியமான காரணம், பழைய காசநோயால் நுரையீரல் சிதைந்துபோனவர்களும், பல ஆண்டு புகையால் மூச்சுக்குழல் நோய் வந்தவர்களும். விறகடுப்பின் முன்னால் வாழ்நாளைக் கழித்த, ஒருபோதும் பீடி தொடாத பாட்டிமார்களும் இவர்களில் உண்டு. இவர்களுடைய வலது கீழறை ஆண்டுக்கணக்கில் அழுத்தத்தைத் தாங்கிப் பழகியது. அதன் சுவர் 5 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருக்கும். ஆகவே அறையின் அளவை மட்டும் பார்க்காமல் சுவரின் தடிமனையும் அளக்க வேண்டும். கையடக்கக் கருவியின் படத்தில் சுவரின் வெளி எல்லை மங்கித் தெரிவதால் இந்த அளவு எப்போதும் நம்பும்படி அமைவதில்லை. இது எனக்கு உண்மையாகவே மனக்குறை. இன்னொன்று, இதயத் துடிப்பு நின்று மார்பை அழுத்திக்கொண்டிருக்கும் நேரத்தில் எடுக்கும் எக்கோ. இதயம் நின்ற சில நிமிடங்களில், காரணம் எதுவானாலும் வலது கீழறை விரியக்கூடும். அந்த நேரத்துப் படத்தை வைத்து ரத்தக்கட்டி என்று முடிவு கட்டுவது ஆபத்து. எக்கோ எடுப்பதற்காக மார்பழுத்தத்தை 10 வினாடிக்கு மேல் நிறுத்தவும் கூடாது. அந்த இடைவெளியில் படத்துணுக்கைப் பதிந்துகொண்டு, அழுத்தம் மீண்டும் தொடங்கிய பிறகு அதை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும் விட என்னை வருத்துவது இந்தக் கருவியின் எதிர்ப்பக்கப் பயன்பாடு. எக்கோ இயல்பாக இருந்துவிட்டால் நுரையீரல் அடைப்பு இல்லை என்று எழுதிவிடுகிறார்கள். வலது கீழறை விரிவு, நுரையீரல் அடைப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவரிடமோ அதற்குச் சற்று மேலோதான் தென்படுகிறது. எக்கோவில் எதுவும் தெரியவில்லை என்ற முடிவு நோய் இல்லை என்பதைச் சரியாகச் சொல்லும் வாய்ப்பு 40 முதல் 50 சதவீதம்தான். சிறிய கிளைகளில் உள்ள கட்டி வலது கீழறையைத் தொந்தரவே செய்யாது. ஆனால் அடுத்த கட்டி அப்படி இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. பிரசவமாகிச் சில வாரங்களே ஆன இளம்பெண் ஒருவர், மூச்சுவிடும்போது விலாவில் குத்துகிறது என்று வேறோர் இடத்துக்குப் போயிருக்கிறார். எக்கோ எடுத்து, “இதயம் நன்றாக இருக்கிறது, பயம்தான் காரணம்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எங்களிடம் வந்தபோதும் எக்கோ இயல்பாகவே இருந்தது. சிடியில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதிக் கிளையில் கட்டி இருந்தது. முதலில் எக்கோ எடுத்தவர் படத்தைத் தவறாகப் படிக்கவில்லை. அந்தப் படத்திடம் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டுவிட்டார். நிலையான ரத்த அழுத்தத்துடன் வருபவருக்கு வெல்ஸ் மதிப்பெண் (அறிகுறிகளை வைத்து நோய்க்கான வாய்ப்பைக் கணக்கிடுவது), டி-டைமர் ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் சிடி என்ற வரிசைதான் சரி. அந்த வரிசையை எக்கோவால் குறுக்குவழியாகக் கடக்க முடியாது. பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்கள், அறுவைச் சிகிச்சை, புற்றுநோய், நீண்ட படுக்கை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று உள்ள நோயாளியின் குடும்பத்தார், எக்கோ நார்மல் என்ற பதிலோடு திரும்பிவிடாமல், நுரையீரலில் ரத்தக்கட்டி இல்லை என்பதை எதைக்கொண்டு உறுதி செய்தீர்கள் என்று மருத்துவரிடம் கேட்கலாம்; கேட்க வேண்டும்.

இரண்டாவது புரோபைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த மதிப்புரை அரைகுறையாகிவிடும். இதயப் புரோப் மட்டும் வாங்கியவர்கள் பாதிப் பயனை விட்டுவிட்டார்கள் என்பேன். நேர்க்கோட்டுப் புரோபைத் தொடை இடுக்கிலும் முழங்காலின் பின்குழியிலும் வைத்து, குறுக்குவெட்டாகப் பார்த்துக்கொண்டே அழுத்த வேண்டும். நல்ல சிரை இரு சுவர்களும் ஒட்டும்படி அமுங்கிவிடும். கட்டி இருந்தால் அமுங்காது. இதற்கு டாப்ளர்கூட வேண்டியதில்லை, கற்றுக்கொள்வதும் இதயத்தைவிட எளிது, நோயாளி உட்கார்ந்த நிலையில் இருந்தாலும் செய்யலாம். முழங்காலுக்கு மேலுள்ள சிரைகளில் இந்தச் சோதனையின் உணர்திறன் 90 சதவீதத்துக்கு மேல், தனித்தன்மை 95 சதவீத அளவில். நுரையீரல் அடைப்பு என்று ஐயப்படும் ஒருவரின் தொடைச் சிரையில் கட்டி இருந்துவிட்டால், அதுவே உறைவெதிர்ப்பு மருந்தைத் தொடங்கப் போதுமானது. கர்ப்பிணிகளுக்குக் கதிர்வீச்சு இல்லாமலேயே விடை கிடைத்துவிடும் என்பதால் அவர்களிடம் இது இன்னும் அருமையானது. கால் சுத்தமாக இருந்தால் மட்டும் எதையும் தீர்மானிக்க முடியாது. நுரையீரல் அடைப்பு உள்ளவர்களில் 30 முதல் 50 சதவீதத்தினரிடம்தான் காலில் கட்டி அகப்படுகிறது.

கருவியாக அதன் மற்றக் குணங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீண்ட நேரம் பார்த்தால் புரோப் சூடாகி, குளிரும்வரை காத்திருக்கச் சொல்கிறது. டேப்லெட்டின் மின்கலத்தை வேகமாகக் குடிக்கிறது. பணிமாற்றத்தின்போது யாராவது ஒருவர் சார்ஜில் போடுவதைப் பொறுப்பாக ஏற்காவிட்டால், வேண்டிய நேரத்தில் கருவி உயிரில்லாமல் கிடக்கும். கம்பி புரோபோடு சேரும் இடம்தான் முதலில் பழுதாகிறது. கீழே விழுந்தால் உத்தரவாதம் பொருந்துமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். புரோபைத் துடைக்க நிறுவனம் அனுமதித்த திரவத்தை மட்டுமே பயன்படுத்த வேண்டும். கைக்குக் கிடைத்த ஸ்பிரிட்டைப் போட்டுத் துடைத்தால் முகப்பு ரப்பர் நாளடைவில் வெடித்துவிடக்கூடும். விலை சில லட்சம் ரூபாயில் இருக்கிறது. சில நிறுவனங்கள் அதற்கு மேல் ஆண்டுச் சந்தாவும் கேட்கின்றன. சந்தா நின்றால் எந்தெந்த வசதிகள் நிற்கும் என்பது கருவியின் விலையைவிட முக்கியமான கேள்வி.

நம் நாட்டில் இதை வாங்குபவர்கள் சட்டத்தையும் மனத்தில் கொள்ள வேண்டும். கருவில் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், பதிவு பெறாத இடத்துக்கோ ஆளுக்கோ அல்ட்ராசவுண்ட் கருவியை விற்கவே கூடாது. இதயத்துக்கு மட்டும்தான் பயன்படுத்துகிறோம் என்பது விலக்காகாது. எடுத்துச் செல்லக்கூடிய கருவிகளுக்கு 2012-இல் விதிகள் இன்னும் இறுக்கப்பட்டன. பதிவு பெற்ற வளாகத்துக்குள் உள்நோயாளிகளுக்கோ, முறையாகப் பதிவான நடமாடும் மருத்துவ ஊர்தியிலோதான் பயன்படுத்தலாம். பையில் போட்டுக்கொண்டு வீட்டு வருகைக்குப் போகலாம் என்று யாராவது ஆசை காட்டினால் நம்ப வேண்டாம். பெண்சிசுக்களைக் காப்பதற்காக வந்த கட்டுப்பாடு இது. அதை முழு மனத்தோடு மதிக்கிறேன்.

வாங்கியவுடன் வேலை முடிந்துவிடுவதில்லை. அமெரிக்க அவசர மருத்துவர்கள் கல்லூரி ஒவ்வொரு வகைப் பரிசோதனைக்கும் 25 முதல் 50 வரை, மூத்தவர் சரிபார்த்த ஸ்கேன்களைச் செய்து பழக வேண்டும் என்கிறது. நுரையீரல் அடைப்பு தினமும் வருவதில்லை என்பதால், இயல்பான வலது கீழறையை நிறையப் பார்த்து வைத்திருப்பவரால்தான் விரிந்ததை உடனே இனங்காண முடியும். எங்கள் இளம் மருத்துவர்களை, வேறு எதற்காகவோ எக்கோ எடுக்கும் ஒவ்வொரு நோயாளியிடமும் வலது கீழறையை ஒருமுறை பார்த்து எழுதச் சொல்லியிருக்கிறேன்.

அவசரப் பிரிவு, தீவிர சிகிச்சைப் பிரிவு, சிடி இல்லாத அல்லது இரவில் இயங்காத மருத்துவமனை ஆகிய இடங்களுக்கு இரண்டு புரோப்களோடு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். புறநோயாளிப் பிரிவில் நுரையீரல் அடைப்பை ‘இல்லை’ என்று சொல்வதற்காக வாங்குவதாக இருந்தால் வேண்டாம். உயிர்பிழைத்தவர்களின் தொடர் கண்காணிப்புக்கும் இது உகந்ததல்ல. மூன்று முதல் ஆறு மாதம் கழித்தும் மூச்சிரைப்பு தீராதவர்களில் சிலருக்குக் கட்டி கரையாமல் தமனிச் சுவரோடு சேர்ந்து, நாள்பட்ட நுரையீரல் உயர் அழுத்தம் வந்துவிடுகிறது. அறுவைச் சிகிச்சையால் குணப்படுத்தக்கூடிய நிலை அது, தவறவிடக் கூடாதது. அதைக் கண்டுபிடிக்கத் தொடரலை டாப்ளர் கட்டாயம் வேண்டும் என்பதால், அவர்களை எக்கோ அறையின் முழு இயந்திரத்துக்கே அனுப்ப வேண்டும்.